நவம்பர் 9: ஜெர்மனியின் தலைவிதி முழுக்க ஒரே தேதியில் விழுந்தது எப்படி?

தாள்கிழிப்பான்:

எங்கள் வீட்டில் காலையில் டெய்லி காலண்டர் தாள் கிழிப்பது என் பொறுப்பு. ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்து முடித்தபின் அடியில் பொடி எழுத்தில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு வரி வரும். நவம்பர் 9ஆம் தேதித் தாளில் 'பெர்லின் சுவர் இடிக்கப்பட்டது, 1989' என்று இருந்தது. சரி, சும்மா இருக்கும் நேரத்தில் தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தவன் இரவு வரை எழுந்திருக்கவில்லை.

1848 நவம்பர் 9: ஜெர்மனி முழுவதற்குமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நாடாளுமன்றமான ஃபிராங்பர்ட் தேசிய மன்றத்தின் உறுப்பினர் ராபர்ட் ப்ளூமை வியன்னாவில் ஆஸ்திரியப் படை சுட்டுக் கொன்றது. 1918 நவம்பர் 9: கைசர், அதாவது பேரரசர், இரண்டாம் வில்ஹெல்மின் ஆட்சி முடிந்து ஜெர்மனி குடியரசானது. 1923 நவம்பர் 9: மியூனிக்கில் ஹிட்லரின் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி போலீஸ் துப்பாக்கிக்கு முன்னால் சிதறியது. 1938 நவம்பர் 9: ஜெர்மனி முழுக்க யூதர்களின் வழிபாட்டுக்கூடங்கள் எரிந்த இரவு. 1989 நவம்பர் 9: கிழக்கு, மேற்கு பெர்லினைப் பிரித்த அந்தச் சுவர்.

ஒரே நாட்டுக்கு, ஒரே தேதியில் ஐந்து. ஜெர்மானியர்களே இதை 'ஷிக்ஸால்ஸ்டாக்', அதாவது 'விதியின் நாள்' என்கிறார்கள். இது தற்செயலா, இல்லை உள்ளே ஏதாவது கோர்வை இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்தோஷம்:

ஒன்பது செவ்வாய்க்குரிய எண். செவ்வாய் என்றால் ரத்தம், நெருப்பு, படை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

எண்கணக்கு:

ஒன்பதாம் தேதி மாதாமாதம் வருகிறது ஐயா. மார்ச் 9, மே 9, ஜூலை 9 எல்லாம் செவ்வாய்க்கு வேண்டாதவையா?

தாள்கிழிப்பாருக்கு என் பதில் கொஞ்சம் சப்பென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1848 முதல் 1989 வரை 141 வருடம். ஜெர்மனி போல அடிதடி நிறைந்த நாட்டில் மாதத்துக்கு ஒரு 'பெரிய' சம்பவம் என்று வைத்தால்கூட 1692 சம்பவங்கள். 365 நாளுக்குப் பங்கு போட்டால் தேதிக்கு நாலரைக்கு மேல் வருகிறது. நீங்கள் காட்டுவது ஐந்து. அதாவது நவம்பர் 9 ஒரு சராசரித் தேதி.

'மாதத்துக்கு ஒன்று' என்பது என் கைக்கணக்குதான், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் 23 பேர் இருக்கும் அறையில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று சொன்னால் நம்ப மறுக்கிறோமே, அதே மனக்கோளாறுதான் இங்கேயும். எதுவும் நடக்காத தேதியை நாம் தேடுவதில்லை.

ரைன்கரை:

எண்கணக்கு அண்ணே, உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. அந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தாயக்கட்டைகளாக இருந்தால்தான் அந்தப் பங்கு செல்லும். இதில் இரண்டு அப்படி இல்லை.

நான் கொலோனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வரலாறு என் தொழில் இல்லை, ஆனால் இங்கே நவம்பர் வந்தால் இந்தப் பேச்சு தானாக வரும். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் 1918. நவம்பர் தொடக்கத்தில் கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். ஒரு வாரத்தில் அது பெர்லின் வரை வந்துவிட்டது. கைசர் அப்போது பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊரில் ராணுவத் தலைமையகத்தில் உட்கார்ந்து, விலகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவர் சம்மதம் சொல்வதற்கு முன்பே பிரதமர் மாக்ஸ் இளவரசர் 'கைசர் விலகிவிட்டார்' என்று பெர்லினில் அறிவித்துவிட்டார்! மதியம் இரண்டு மணி வாக்கில் சமூக ஜனநாயகக் கட்சியின் பிலிப் ஷைட்மான் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்துக் குடியரசு என்று முழங்கினார். அவருடைய கட்சித் தலைவர் எபர்ட்டுக்கே அது பிடிக்கவில்லை, 'அதை முடிவு செய்ய நீ யார்' என்று கோபப்பட்டார். இரண்டு மணி நேரம் கழித்து, கொஞ்ச தூரத்திலிருந்த அரண்மனையில் தீவிர இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் இன்னொரு குடியரசை, சோஷலிசக் குடியரசை அறிவித்தார். ஒரே மதியத்தில் இரண்டு குடியரசுகள். கைசர் மறுநாள் நெதர்லாந்துக்குப் போய்விட்டார். முறைப்படி கையெழுத்துப் போட்டது நவம்பர் 28இல்தான்.

இப்போது 1923. எனக்கும் முதலில் ஹிட்லர் 1918க்குப் பழி வாங்கவே அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார் என்றுதான் தோன்றியது. அப்படி இல்லை. அவர்கள் முதலில் போட்ட திட்டம் நவம்பர் 11க்கு. பவேரியாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கஸ்டாவ் ஃபான் கார் நவம்பர் 8 மாலை பியூர்கர்ப்ராய்கெல்லர் என்ற பெரிய பீர் மண்டபத்தில் கூட்டம் போடுகிறார் என்று தெரிந்ததும், தலைகள் எல்லாம் ஒரே இடத்தில் சிக்கும் என்று முன்னால் இழுத்தார்கள். எட்டாம் தேதி இரவு மண்டபத்தைப் பிடித்தார்கள். ஒன்பதாம் தேதி மதியம் சுமார் இரண்டாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். ஓடியோன்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தருகே துப்பாக்கிச் சூடு. நான்கு போலீஸ்காரர்கள் இறந்தார்கள், எதிர்த்தரப்பில் பதினாறு பேர் என்று நாஜிகள் பின்னாளில் கொண்டாடினார்கள். அந்தப் பதினாறில் ஒருவர் வேடிக்கை பார்க்க வெளியே வந்த ஒரு பரிமாறுபவர்.

ஆக 1918க்கும் 1923க்கும் தேதிப் பொருத்தம் தற்செயல். இங்கேயிருந்துதான் கதை மாறுகிறது. 1933இல் ஆட்சிக்கு வந்தபின் அவர்கள் நவம்பர் 8, 9ஐ வருடாவருடம் திருவிழா ஆக்கினார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் மியூனிக் வருவார்கள். பீர் மண்டபத்தில் ஹிட்லர் பேசுவார், மறுநாள் அதே பாதையில் நடப்பார்கள், இரவு பழைய நகர மன்றத்தில் விருந்து.

1938இல் அந்த விருந்துதான் வினை. நவம்பர் 7இல் பாரிஸில் ஹெர்ஷல் க்ரின்ஸ்பான் என்ற 17 வயதுப் பையன் ஜெர்மன் தூதரகத்தில் எர்ன்ஸ்ட் ஃபோம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். அக்டோபர் இறுதியில் போலந்து வழியினரான சுமார் 17,000 யூதர்களை ஜெர்மனி எல்லைக்கு அப்பால் துரத்தியிருந்தது. அதில் அவன் குடும்பமும் அடக்கம். ராத் ஒன்பதாம் தேதி மாலை இறந்தார். செய்தி விருந்து நடக்கும்போது வந்தது. நாட்டின் எல்லா மாகாணக் கட்சித் தலைவர்களும் ஒரே கூடத்தில். பிரசார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசினார். பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரும் தொலைபேசிக்கு ஓடி அவரவர் ஊருக்கு உத்தரவு போட்டார்கள்.

வேறு எந்த இரவாக இருந்தாலும் அவர்கள் நாடு முழுக்கச் சிதறி இருந்திருப்பார்கள். அந்தத் தேதியில் கூடி இருந்ததற்குக் காரணம் 1923. அதனால் 1923உம் 1938உம் ஒரே தேதியில் வந்தது தற்செயல் இல்லை. ஒன்று மற்றொன்றுக்கு நாள் குறித்துக் கொடுத்தது.

தாள்கிழிப்பான்:

அடேயப்பா. அண்ணே, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் ராத் பத்தாம் தேதி இறந்திருந்தால்?

மறுபக்கம்:

ரைன்கரை சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் விருந்தைக் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறார். காஸல் நகரத்திலும் சுற்றுவட்ட ஊர்களிலும் தாக்குதல் ஏழாம் தேதி மாலையே தொடங்கிவிட்டது. ராத் அப்போது உயிரோடுதான் இருந்தார். வெறி ஏற்கெனவே ஊரில் இருந்தது. ஐந்து வருடமாக அரசே ஊற்றி வளர்த்தது. பத்தாம் தேதி இறந்திருந்தாலும் ஏதோ ஒரு வடிவில் நடந்தே இருக்கும். தேதியை இவ்வளவு தூரம் காரணமாக்கினால் ஆட்களின் பொறுப்பு குறைந்துபோகும் என்பது என் அச்சம்.

அன்றைய சேதம் தெரியாதவர்களுக்கு: அரசு ஒப்புக்கொண்ட சாவு 91, உண்மையில் அதைவிட மிக அதிகம். 1,400க்கு மேற்பட்ட வழிபாட்டுக்கூடங்கள் எரிந்தன அல்லது நொறுங்கின. சுமார் 30,000 ஆண்கள் டாகாவ், புகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்கு. அதற்கு மேல், அடி வாங்கியவர்கள் மீதே நூறு கோடி மார்க் அபராதம்.

ரைன்கரை:

மறுபக்கம், நியாயமான திருத்தம். காஸல் விஷயத்தை நான் விட்டது தவறு. வெறி இருந்தது, ஆனால் ஒரே இரவில் நாடு முழுக்கப் பற்றவைக்க ஒரு கூடமும் தொலைபேசியும் தேவைப்பட்டன என்ற அளவில் என் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வருடாவருடம் ஒரே தேதியில் கூடுவதில் எதிரிக்கும் ஒரு வசதி உண்டு. கெயோர்க் எல்சர் என்ற தச்சர் அந்தத் திருவிழாவை நன்றாகக் கவனித்தார். ஹிட்லர் எந்த நாளில், எந்த மேடையில், எந்தத் தூணுக்கு முன்னால் நிற்பார் என்பது ஊருக்கே தெரியும். எல்சர் 1939இல் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் அந்த மண்டபத்தில் ஒளிந்திருந்து, முழங்காலில் நின்று, தூணைக் குடைந்து, உள்ளே கடிகார வெடிகுண்டு வைத்தார். தனி ஆள். நவம்பர் 8 இரவு 9.20க்கு அது சரியாக வெடித்தது. பனிமூட்டத்தால் விமானம் இல்லை, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஹிட்லர் 13 நிமிடம் முன்னால் கிளம்பிவிட்டிருந்தார். எட்டுப் பேர் இறந்தார்கள். எல்சரைப் பிடித்து, போர் முடியும் தறுவாயில் 1945 ஏப்ரல் 9இல் டாகாவில் கொன்றார்கள்.

செவ்வாய்தோஷம் சந்தோஷப்பட வேண்டாம், அதுவும் ஒன்பதுதான்.

செவ்வாய்தோஷம்:

நான் வாயே திறக்கவில்லை :)

பழையபஞ்சாங்கம்:

தேதி என்று பேச ஆரம்பித்தால் முதலில் எந்த நாட்காட்டி என்று கேட்க வேண்டும். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டெஸும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே தேதியில் மறைந்தார்கள் என்று புத்தக தினத்துக்குப் புத்தக தினம் எழுதுகிறார்கள். இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் கணக்கில் இருந்தது, ஸ்பெயின் கிரிகோரியன் கணக்குக்கு மாறிவிட்டது. ஸ்பெயின் கணக்கில் ஷேக்ஸ்பியர் இறந்தது மே 3. பத்து நாள் இடைவெளி! நியூட்டன் கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததும் இதே கதைதான். இன்றைய கணக்கில் அது 1643 ஜனவரி 4. ரஷ்யாவின் 'அக்டோபர் புரட்சி'யை நவம்பர் 7இல் கொண்டாடுவதும் அதனால்தான்.

இந்த இழையில் உள்ள ஐந்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் இன்னொன்று இருக்கிறது. பெர்லின் சுவரில் முதலில் வழிவிட்ட போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடி திறந்தது இரவு சுமார் 11.30. நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே அப்போது விடிகாலை 4 மணி, நவம்பர் 10. டெய்லி காலண்டர்காரர் நியாயமாகப் பத்தாம் தேதித் தாளில் அல்லவா போட்டிருக்க வேண்டும்?

அகல்விளக்கு:

பஞ்சாங்கம் ஐயா, உங்கள் பெயருக்கே நீங்கள் துரோகம் செய்கிறீர்கள். நம் கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். நாலு மணிக்கு விடியவில்லை, அதனால் ஒன்பதாம் தேதிதான் நடந்துகொண்டிருந்தது.

பாரதியார் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்றும் இருக்கிறதே. அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி. ஆங்கிலக் கணக்கில் 12, நம் வழக்கில் 11. இரண்டு தேதியிலும் நினைவு நாள் கட்டுரை வந்துவிடுகிறது.

பழையபஞ்சாங்கம்:

ஒப்புக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கண்டம்தாண்டி:

செப்டம்பர் 11 பேச்சு வந்ததால்: 1893இல் விவேகானந்தரின் சிகாகோ உரை, 1906இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் காந்தி கூட்டிய எதிர்ப்புக் கூட்டம், 1973இல் சிலியில் அயெந்தே ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது, 2001இல் நியூயார்க். இதற்கும் ஒரு இழை போடலாம்.

இன்னொரு வேடிக்கை. 9/11 என்று எழுதினால் அமெரிக்கருக்குச் செப்டம்பர் 11, ஜெர்மானியருக்கும் நமக்கும் நவம்பர் 9.

எண்கணக்கு:

ரைன்கரை அண்ணே, 1938 விஷயத்தில் நான் சரண். ஐந்தில் இரண்டு கோர்வை, மீதி மூன்று தாயக்கட்டை என்று வைத்துக்கொள்ளலாமா? ஏனென்றால் 1848ஐப் பற்றி யாரும் பேசவே இல்லை. பட்டியல் நீளமாகத் தெரிய வேண்டும் என்று பிற்பாடு சேர்த்ததோ?

ரைன்கரை:

ஏறக்குறைய அப்படித்தான். ப்ளூம் பெரிய மனிதர், சந்தேகமில்லை. கொலோனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து மன்ற உறுப்பினர் வரை வந்தவர். உறுப்பினரைக் கைது செய்யக்கூடாது என்ற பாதுகாப்பை மதிக்காமல் சுட்டார்கள். இங்கே 'ராபர்ட் ப்ளூம் மாதிரி சுடப்பட்டவன்' என்று ஒரு சொலவடை உண்டு. ஆள் அலுத்துச் சோர்ந்து கிடக்கிறான் என்று பொருள். ஆனால் 1918இல் யாரும் ப்ளூமை நினைத்துக் குடியரசு அறிவிக்கவில்லை.

தாள்கிழிப்பான்:

1989? அதில் யாராவது தேதி பார்த்தார்களா?

ரைன்கரை:

பார்க்கவே இல்லை, அதுதான் அழகு. திட்டப்படி பார்த்தால் அது பத்தாம் தேதி நடந்திருக்க வேண்டும்.

மக்கள் மேற்குக்குப் போக அனுமதிக்கும் புதிய பயண விதிகளைக் கிழக்கு ஜெர்மன் அரசு எழுதி வைத்திருந்தது. செய்தியை மறுநாள் காலை நாலு மணிக்குத்தான் வெளியிட வேண்டும் என்று முடிவு. மக்கள் ஒழுங்காக வரிசையில் நின்று, விண்ணப்பம் போட்டு, முத்திரை வாங்கிப் போக வேண்டும் என்று எண்ணம். அந்தக் காகிதம் குந்தர் ஷபோவ்ஸ்கி என்ற கட்சிப் பேச்சாளர் கையில் போனது. விவாதத்தின்போது அவர் அறையில் இல்லை, சரியாகப் படிக்கவும் இல்லை. ஒன்பதாம் தேதி மாலை ஆறு மணிப் பத்திரிகையாளர் சந்திப்பின் கடைசியில், ஏழு மணி நெருங்கும்போது, அதை எடுத்து வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாளைப் புரட்டிவிட்டு 'எனக்குத் தெரிந்தவரை உடனே, தாமதமின்றி' என்றார்.

நேரலை. மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி எட்டு மணிச் செய்தியில் இதையே தலைப்பாக்கியது. கிழக்கிலும் எல்லாரும் அந்த அலைவரிசையைத்தான் பார்ப்பார்கள். கூட்டம் சாவடிகளுக்கு வந்துவிட்டது. போர்ன்ஹோல்மர் தெருவில் பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகர் மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசி போட்டும் உருப்படியான பதில் இல்லை. அதிகம் சத்தம் போடுபவர்களை மட்டும் வெளியே விடுங்கள் என்று ஒரு யோசனை வந்தது. விட்டார்கள். மற்றவர்கள் இன்னும் சத்தம் போட்டார்கள், பின்னே! பதினொன்றரைக்கு யேகர் கம்பியைத் தூக்கச் சொன்னார்.

இன்னொன்று. கிழக்கு ஜெர்மனியில் பிறந்த என் அலுவலக நண்பர் இந்த 'விதியின் நாள்' பேச்சையே ஏற்கமாட்டார். அவருக்குப் பெரிய நாள் அக்டோபர் 9. அன்று லைப்சிக்கில் சுமார் 70,000 பேர் தெருவில் இறங்கினார்கள், படை சுடவில்லை. 'அன்றே ஆட்சி முடிந்தது, நவம்பரில் நடந்தது கதவு திறந்தது மட்டும்' என்பார்.

பழையபஞ்சாங்கம்:

காலண்டர்காரரிடம் இதையும் சொல்லுங்கள்: அன்று சுவர் 'இடிக்கப்படவில்லை', திறக்கப்பட்டது. அரசு முறைப்படி இடிக்கத் தொடங்கியது 1990 ஜூனில். அதுவரை மக்கள் உளியும் சுத்தியும் வைத்துக் கொத்தியது தனி.

அகல்விளக்கு:

அப்படியானால் அவர்கள் தேசிய தினம் ஏன் நவம்பர் 9 இல்லை? இவ்வளவு பெரிய சந்தோஷம் நடந்த நாளாயிற்றே.

ரைன்கரை:

அந்தப் பேச்சு எழுந்தது. 1938 நடந்த தேதியில் பட்டாசு வெடிக்க முடியுமா? ஒரு வீட்டில் திதியும் கல்யாண நாளும் ஒரே தேதியில் விழுந்த மாதிரி. அக்டோபர் 3ஐ எடுத்தார்கள். அதற்கும் புனிதம் ஒன்றும் இல்லை. அக்டோபர் 2இல் ஐரோப்பிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தில் இணைப்பு விவரத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அக்டோபர் 7 வந்தால் கிழக்கு ஜெர்மனிக்கு 41ஆம் பிறந்தநாள், அதற்கு முன் கணக்கை முடிக்க வேண்டும். இடையில் கிடைத்த நாள் அது.

நவம்பர் 9 விடுமுறை இல்லை. எங்கள் தெருவில் அன்று நடப்பது வேறு. நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை, தடுக்கும் கற்கள் என்று பெயர். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த வருடம், எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று பொறித்திருக்கும். அன்று மாலை அக்கம்பக்கத்தார் வாளியும் துணியும் எடுத்து வந்து அதைத் தேய்த்து, மெழுகுவத்தி வைப்பார்கள். இரண்டு நாள் கழித்து, 11ஆம் தேதி 11 மணி 11 நிமிடத்துக்கு, அதே ஊரில் கார்னிவல் தொடங்கி எல்லாரும் கோமாளி வேஷத்தில் ஆடுவார்கள். முதல் வருடம் எனக்கு இது செரிக்கவில்லை.

மறுபக்கம்:

நீங்களும் தேய்ப்பீர்களா?

ரைன்கரை:

மூன்று வருடமாக. எங்கள் கட்டட வாசலில் நாலு தகடு, ஒரே குடும்பம். இளைய பெண் பிறந்தது 1931. முதல் தடவை பக்கத்து வீட்டுப் பாட்டி ஏதோ பசை கொடுத்தார், வருடம் முழுக்க மிதிபட்ட கறுப்பு அதில் போகவில்லை. நான் மாடிக்குப் போய் சமையலறையிலிருந்து ஒரு உருண்டை புளி கொண்டு வந்தேன், நம் வீட்டுக் குத்துவிளக்குக்குப் போடுவது போல.

அகல்விளக்கு:

போனதா?

ரைன்கரை:

பளிச்சென்று. இப்போது நவம்பர் வந்தால் பாட்டியே கதவைத் தட்டிக் கேட்கிறார். இந்த முறை கொஞ்சம் அதிகமாக வாங்கி வைத்திருக்கிறேன், எதிர்வரிசையிலும் இரண்டு கல் இருக்கிறது.